காசுப்பொறிகளின் புனரமைப்பு: சில வரலாற்றுச் சிந்தனைகள்

வரலாற்றுச் சான்றுகள் என்றதும் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், சுவடி என்பனவே பொதுவாக எமது நினைவுக்கு வருகின்றன. தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்டு, சில ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்தபின் கழித்தொதுக்கப்படும் பொறிகளை அவ்வரிசையில் வைத்தெண்ண நாம் பழகவில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள் தமது ஓய்வுநேரத்தை எவ்வாறு கழித்தனர், அவ்வோய்வு எவ்வாறு விற்பனைப் பண்டமாயிற்று என்பனவற்றை ஆராயப் புகுவோர்க்கு அத்தகைய பொறிகளே முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. காசு இட்டதும் இயங்கும் வீடியோ விளையாட்டுப் பொறி அவற்றுள் ஒன்று. ஆளுயர மரப்பேழையொன்றினுள் தொலைக்காட்சித் திரை, மின்சுற்றுப் பலகை, ஒலிபெருக்கி, காசுப்பெட்டி ஆகியன பொருத்தப்பட்ட இதனைக் காசுப்பொறி என இக்கட்டுரையிற் சுருக்கமாக வழங்குவோம்.

1970களிலும் 1980களிலும் ஐக்கிய அமெரிக்கா, யப்பான், ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் மதுபானச்சாலைகளிலும் கடைத்தொகுதிகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் நின்ற இப்பொறிகளுட் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. எஞ்சியவற்றைத் தேடியெடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் முயற்சி அந்நாடுகளில் முதலில் தனிப்பட்டோரின் ஆர்வமாகத் தொடங்கி, பின்னர் நூதனசாலைகளின் பணியாகவும் வளர்ந்துள்ளது. இம்முயற்சியில் ஈடுபடுவோர் அனைவரும் 'பழைய நிலை' என்ற தொடரைத் தயக்கமின்றிக் கையாள்கின்றனர். அது எந்த நாளின் நிலை? பொறி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளின் நிலையா? அன்றி, மக்களிடையே நின்று காசு ஈட்டிய ஆண்டுகளின் நிலையா? மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இது தச்சரும் மின்வினைஞரும் தீர்த்துக்கொள்ளவேண்டிய சிறு ஐயமாகத் தோன்றலாம். உண்மையில் இது யாருடைய வரலாற்றைப் பேணுகின்றோம் என்னும் வினாவாகும்.

இவ்வினாவை அணுகுவதற்குப் பொறியின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். அதன் தொடக்கம் பல்கலைக்கழகச் சூழலில் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. 1962இல் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த இளைஞர்கள் 'ஸ்பேஸ்வோர்' என்னும் விண்கலப் போர் விளையாட்டினை ஆய்வுக் கணனியொன்றுக்கு எழுதினர். 1971 செப்டெம்பரில் பில் பிற்ஸ், ஹியூ ரக் என்னும் இருவர் அவ்விளையாட்டைத் தழுவி, 'கலக்சி கேம்' என்ற காசுப்பொறியைக் கலிபோர்ணியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியக் கட்டடத்தில் நிறுவினர். ஓர் ஆட்டத்துக்கு 10 சதமும் மூன்று ஆட்டங்களுக்கு 25 சதமும் அறவிடப்பட்டன. முழுக் கணனியொன்றை உள்ளே கொண்டிருந்த அப்பொறிக்கு ஏறத்தாழ 20,000 டொலர் செலவாயிற்று. ஆட்டமொன்றுக்கு 10 சதம் எனக் கொண்டால், இட்ட முதலை மீட்பதற்கே 2 இலட்சம் ஆட்டங்கள் தேவைப்படும். மாணவர் வரிசையில் நின்று ஆடியபோதும் அது வணிகமாக வளர இயலாது போனமைக்கு இக்கணக்கே காரணமாகும். 1972இல் அமைக்கப்பட்ட அதன் இரண்டாவது பொறி 1979 வரை இயங்கிப் பின்னர் கழற்றி வைக்கப்பட்டது. 1997இல் அது மீளவும் இயங்கச் செய்யப்பட்டு, பின்பு கலிபோர்ணியாவிலுள்ள கணனி வரலாற்று நூதனசாலையைச் சென்றடைந்தது.

அதே 1971ஆம் ஆண்டில் நோலன் புஷ்னெல், ரெட் டப்னி ஆகியோர் வடிவமைத்த 'கம்பியூட்டர் ஸ்பேஸ்' என்னும் பொறி விற்பனைக்கு வந்தது. அதனுள் கணனி இல்லை. மலிவான தருக்கச் சுற்றுகளும் சாதாரண தொலைக்காட்சிப் பெட்டியும் அதன் இடத்தை நிரப்பின. 1972இல் அவ்விருவரும் நிறுவிய அட்டாரி கம்பனிக்காக அலன் அல்கோர்ன் 'பொங்' என்னும் விளையாட்டை அமைத்தார். முதற் பொறி சன்னிவேல் நகரின் மதுபானச்சாலையொன்றில் வைக்கப்பட்டுச் சில நாள்களிற் பழுதடைந்தது. திறந்து பார்த்தபோது, காசு விழும் கலம் நிரம்பி வழிந்தமையே பழுதுக்குக் காரணமெனத் தெரியவந்தது. பண்டமொன்றின் எதிர்காலத்தை அதன் பழுதே அறிவித்தமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைக் காணல் அரிது.

இத்தொடக்ககாலப் பொறிகளைப் பற்றிப் புனரமைப்பாளர் மனங்கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. நுண்செயலி காசுப்பொறிகளில் இடம்பெறத் தொடங்கியது 1975இல் வெளிவந்த 'கன் பைற்' என்னும் விளையாட்டுடனேயே எனலாம். அதற்கு முந்திய பொறிகளிற் செய்நிரல் என எதுவும் இல்லை. பந்து துள்ளுவதும் புள்ளி ஏறுவதும் பலகையிற் பற்றாசு வைத்துப் பொருத்திய சில்லுகளின் இணைப்பினாலேயே நிகழ்ந்தன. எனவே அங்கு விளையாட்டைப் பொறியிலிருந்து பிரித்தெடுத்துப் பிரதி செய்யவியலாது. சுற்றுப்பலகை அழியின் விளையாட்டின் மூலமும் அழியும்.

நுண்செயலி வந்தபின்னரும் இந்நிலை முற்றாக மாறிவிடவில்லை. 1978இல் யப்பானின் ரைட்டோ கம்பனிக்காக ரொமோஹிரோ நிஷிகடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்குச் சான்றாகும். அவ்விளையாட்டில் எதிரிகள் குறையக் குறைய எஞ்சியோர் மேன்மேலும் விரைவாக நகர்வர். வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததும் நுண்செயலியின் வேலை இலகுவானமையால் விளைந்த இவ்விரைவை ஆக்கியோன் நீக்காது விட்டார்; ஆட்டத்தின் உணர்ச்சி வேகம் அதனாலேயே அமைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் மிட்வே கம்பனி வெளியிட்ட பேழையிலே திரையின் உருவங்கள் கண்ணாடியொன்றிற் பட்டுத் தெறித்து, பின்னால் வரையப்பட்ட நிலவுக் காட்சியின்மீது மிதப்பனபோலத் தோன்றின. திரை கறுப்பு வெள்ளையே. அதன்மேல் ஒட்டிய நிறத்தாள்களே வண்ணம் தந்தன. ஆகவே மரமும் கண்ணாடியும் ஓவியமும் நிறத்தாளும் நிரலும் ஒன்றுசேர்ந்தே அவ்விளையாட்டை ஆக்கின. இவற்றுள் ஒன்றை மட்டும் காப்பாற்றுவோர் விளையாட்டின் ஒரு கூறையே காப்பாற்றுகின்றனர்.

இனி, இப்பொறிகள் உழைத்த பொருளாதாரச் சூழலை நோக்குவோம். பொறியைத் தயாரித்த கம்பனி அதனை ஆடுவோர்க்கு விற்கவில்லை. 'பொறி நடத்துநர்' எனத்தக்க இடைநிலை வணிகருக்கே விற்றது. நடத்துநர் அதனைக் கடைகளில் வைத்து, காலத்துக்குக் காலம் சென்று காசுப்பெட்டியைத் திறந்து, கிடைத்ததைக் கடைக்காரருடன் பெரும்பாலும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொண்டார். பழுது பார்த்ததும் இடம் மாற்றியதும் அவரோ அவரது வேலையாட்களோதான். ஒரு விளையாட்டு மக்களுக்குச் சலித்ததும் காசு குறையும். அந்நிலையிற் புதிய பொறி வாங்குவதற்குப் பெருந்தொகை வேண்டியிருந்தமையால், பழைய பேழையை வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் பலகையை மட்டும் மாற்றும் வழக்கம் பெருகியது. 1982ஆம் ஆண்டின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் இத்தொழில் சரிவடையவே இவ்வழக்கம் மேலும் வலுப்பெற்றது. சுற்றுப்பலகை, மேற்பலகை ஓவியம், கட்டுப்பாட்டுத் தகட்டின் மேலொட்டு ஆகியவற்றைக் கொண்ட மாற்றுப் பொதிகளைக் கம்பனிகளே விற்கத் தொடங்கின. 1980களின் நடுப்பகுதியில் யப்பானிய உற்பத்தியாளர் சங்கம் 56 தொடுமுனைகள் கொண்ட பொது இணைப்பு முறையொன்றை வகுத்தமையால் ஒரு பேழையிற் பல பலகைகளை மாறிமாறிப் பொருத்துதல் எளிதாயிற்று. இவ்வாறு ஒரே பேழை இரண்டு, மூன்று விளையாட்டுகளுக்கு இல்லமாயிற்று. பக்கப் பலகையின் பழைய ஓவியத்தின்மேற் கறுப்பு வர்ணம் பூசப்பட்டது. பழைய துளைகள் அடைக்கப்பட்டுப் புதிய துளைகள் இடப்பட்டன.

இம்மாற்றுருவாக்கத்தின் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நின்டெண்டோ கம்பனியின் வரலாற்றிற் காணப்படுகின்றது. 'றேடார் ஸ்கோப்' என்னும் விளையாட்டுக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 3,000 பொறிகளில் 2,000 அளவில் விற்பனையாகாது தேங்கின. அவற்றைப் பயன்படுத்துவதற்கெனவே சிகெரு மியமோட்டோ புதிய விளையாட்டொன்றை வகுத்தார். 1981இல் அமெரிக்கக் கிளையின் ஊழியர் சிலர் களஞ்சியத்திலிருந்த பேழைகளைத் திறந்து, பலகைகளைத் திருத்தி, ஓவியங்களை மாற்றி அவற்றை 'டொங்கி கொங்' பொறிகளாக ஆக்கினர். அவ்விளையாட்டுப் பெருவெற்றி பெற்றது. பின்னர் அதற்கெனவே செய்யப்பட்ட பேழைகள் நீல நிறத்தன. றேடார் ஸ்கோப்பிலிருந்து மாற்றப்பட்ட முதற் பேழைகள் செந்நிறத்தன. இச்செந்நிறப் பேழையை நாம் மீண்டும் குறிப்பிட வேண்டியிருக்கும்.

இப்பின்னணியில் இன்றைய புனரமைப்பு வேலையின் இயல்பைப் பார்ப்போம். முதலில் வருவது மரவேலை. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையாலும் ஒட்டுப்பலகையாலும் ஆன பேழைகளின் அடிப்பகுதி, பல்லாண்டுகளாகத் தரை கழுவிய நீர் சுவறி ஊதி உதிர்ந்திருக்கும். சிதைந்த பகுதியை வெட்டியகற்றிப் புதிய பலகை பொருத்துவர். அடுத்தது மின்னியல் வேலை. திரையை இயக்கும் சுற்றிலுள்ள மின்பகு கொள்ளளவிகள் காலப்போக்கில் உள்ளீரம் வற்றிச் செயலிழக்கின்றன. உருவம் வளையும், சுருங்கும், நடுங்கும். அவற்றை ஒருசேர மாற்றுதல் வழக்கம். கதோட்டுக் கதிர்க் குழாயில் 20,000 வோல்ற்றளவான அழுத்தம் நிலவுவதாலும் மின்னை நிறுத்திய பின்னரும் ஏற்றம் எஞ்சியிருக்கக் கூடுமாதலாலும் முதலில் அதனை முறையாக இறக்கிவிட்டே கைவைத்தல் வேண்டும். புள்ளிகளை நினைவில் வைத்திருக்கப் பொருத்திய மின்கலங்கள் கசிந்து செப்புத் தடங்களை அரித்திருக்கும். நிரலைத் தாங்கிய அழித்தெழுதத்தக்க சில்லுகளில் மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். கதோட்டுக் கதிர்க் குழாய்களின் பேருற்பத்தி நின்றுவிட்டமையால், வெடித்த குழாய்க்கு மாற்றாகப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய குழாய்களையே நாடவேண்டியுள்ளது.

இவ்வேலைகளுட் சில பொறியை உயிர்ப்பிக்கின்றன. வேறு சில சான்றை அழிக்கின்றன. 1980இல் வெளிவந்த 'பக்-மன்' பொறிகளை எடுத்துக்கொள்வோம். இரவு பகலாக ஒரே உருவம் திரையில் நின்றமையால், மின்னை நிறுத்திய பின்னரும் அதன் புதிர்வழிக் கோடுகள் குழாயின் ஒளிர்பூச்சில் நிழலாகத் தெரியும். புனரமைப்பாளருக்கு அது குறை. வரலாற்று மாணவனுக்கோ அப்பொறி எத்துணைக் காலம் ஓயாது உழைத்தது என்பதற்கான பதிவு. வேறொரு விளையாட்டு இயங்கும் பொறியின் திரையில் அந்நிழல் தெரிந்தால், அக்குழாய் முன்னர் எதற்குப் பயன்பட்டது என்பதையும் அது கூறிவிடும். கட்டுப்பாட்டுத் தகட்டின் விளிம்பிலுள்ள சிகரெட் சுட்ட தழும்புகளும், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த மேலொட்டும் அத்தகையனவே. ஆடியவர் எங்கே கைவைத்தார், எந்தச் சூழலில் ஆடினார் என்பதை எழுத்துமூலச் சான்று எதுவும் இவ்வளவு நேரடியாகக் கூறுவதில்லை. புதிதாக அச்சிட்ட பளபளப்பான மேலொட்டை ஒட்டும்போது அப்பதிவு குப்பைக்குச் செல்கின்றது.

நிரல்களைப் பொறுத்தவரை நிலைமை ஓரளவு ஆறுதல் தருவது. 1997இல் நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் வெளியிடத் தொடங்கிய 'மேம்' என்னும் செய்நிரல், பழைய சில்லுகளிலுள்ள நிரல்களைப் படியெடுத்து நவீன கணனியில் இயக்க வழிசெய்தது. காலப்போக்கிற் பலர் இதிற் சேர்ந்துழைத்தனர். 1990களில் கப்கொம் கம்பனி, பிரதி செய்வதைத் தடுக்கும் பொருட்டு, நிரலை மறையாக்கி அதன் திறவெண்ணை மின்கலத்தால் உயிர்வாழும் நினைவகத்தில் வைத்த பலகைகளை வெளியிட்டது. மின்கலம் தீர்ந்ததும் திறவெண் அழியும், பொறியும் இயங்காது. அம்மறையாக்க முறை 2007இல் முற்றாக அறியப்பட்டமையினாலேயே அவ்விளையாட்டுகள் காப்பாற்றப்பட்டன. ஒரே விளையாட்டின் யப்பானிய, அமெரிக்க வடிவங்களும் திருத்திய வடிவங்களும் தனித்தனியே படியெடுக்கப்பட்டுள்ளன. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் காட்டும் நல்ல பதிப்பாசிரியரின் பணியுடன் இதனை ஒப்பிடலாம். நிரல் விடயத்திற் காட்டப்படும் இந்நேர்மை பேழை விடயத்திற் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை என்பதே எமது குறை. பல பாடங்களைக் கொண்ட பேழையைத் தேய்த்துக் கழுவி ஒரே பாடமாக ஆக்கிவிடுகின்றனர்.

தொல்பொருட் பாதுகாப்புத் துறையில் இவ்வினா எப்போதோ விவாதிக்கப்பட்டுவிட்டது. 1964இல் வெனிஸ் நகரிற் கூடிய அறிஞர் வகுத்த சாசனம் நினைவுச் சின்னங்களின் புனரமைப்புக்குச் சில நெறிகளைக் கூறுகின்றது. ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலத்தவரும் செய்த தகுதியான பங்களிப்புகளை மதித்தல் வேண்டும். ஒரே பாணியை எய்துவது புனரமைப்பின் நோக்கமன்று. ஊகம் தொடங்கும் இடத்திற் பணி நிற்றல் வேண்டும். இழந்தவற்றுக்குப் பதிலாகச் சேர்ப்பவை மூலத்திலிருந்து வேறுபிரித்தறியத் தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்பன அவற்றின் சாரமாகும். கோயிலுக்கும் கோட்டைக்கும் வகுத்த நெறியை மரத்தூட் பலகைப் பேழைக்குப் பொருத்துவது மிகையெனச் சிலர் கருதலாம். ஆயின் சான்றின் பெறுமதி அது செய்யப்பட்ட பொருளின் விலையைப் பொறுத்ததன்று.

இந்நெறியைச் செந்நிற 'டொங்கி கொங்' பேழையில் வைத்துச் சோதிப்போம். கண்டிப்பாகப் பேசின் அதன் 'மூல நிலை' றேடார் ஸ்கோப்பே. எனினும் அதனைச் சேகரிப்போர் போற்றுவது அது மாற்றுருவாக்கப் பொறியாக இருப்பதனாலேயே. அதனைக் கழற்றி மீளவும் றேடார் ஸ்கோப்பாக்க முனைவோர் அரியர். அங்கு மாற்றமே வரலாறு என ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. அதேவேளை, பெயரறியாத நடத்துநர் ஒருவர் சிற்றூரின் பட்டறையில் அதே வகையான வேலையைச் செய்திருப்பின், அது பொறிக்கு இழைத்த ஊறாகக் கருதப்பட்டுச் சுரண்டி அகற்றப்படுகின்றது. இரண்டும் விற்பனையாகாத பண்டத்தை மீளப் பயன்படுத்திய உழைப்பே. ஒன்று கம்பனியின் களஞ்சியத்தில் நிகழ்ந்தது. மற்றது கடைத்தெருவில் நிகழ்ந்தது. ஒன்றைச் சாதனை எனவும் மற்றதைச் சிதைவு எனவும் கொள்ளும் அளவுகோல் வரலாற்றறிவிலிருந்து பிறந்ததன்று. கம்பனிப் பெயரின் மதிப்பிலிருந்தும் சேகரிப்போர் சந்தையின் விலையிலிருந்தும் பிறந்ததாகும். அரசரின் பெயரை மட்டும் பொறித்துக் கல்லுடைத்தோரை மறந்த பழைய வரலாற்றெழுத்தின் போக்கே இங்கும் தொடர்கின்றது.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவதிலும் நியாயம் உண்டு. காசுப்பொறி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று, ஆடுவதற்காகச் செய்யப்பட்டது. தழும்புகளைக் காக்கவேண்டும் என்று கண்ணாடிக் கூட்டினுள் அதனை அடைத்துவைப்பின், அதன் இயல்பே பொய்யாகிவிடும். தேய்ந்த பலகையுடன் இயங்காது நிற்கும் பொறியைவிட, புதிய கொள்ளளவிகளுடன் இயங்கும் பொறியே வரலாற்றை உணர்த்தவல்லது என்பர். மொஸ்கோவில் நிகழ்ந்த முயற்சி இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றது. சோவியத் காலத்திற் படைத்துறைத் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்ட காசுப்பொறிகள் 15 கோபெக் நாணயத்தால் இயங்கின. அவற்றுட் சில வீடியோத் திரை கொண்டவை. 'கடற்போர்' என்னும் பொருள்படும் புகழ்பெற்ற பொறியோ நீர்மூழ்கியின் பார்வைக்குழாயினூடாக நோக்கி ஆடப்படும் பொறிமுறை விளையாட்டு. 1991இல் அவ்வரசு மறைந்தது. அந்நாணயமும் பின்னர் வழக்கொழிந்தது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகமொன்றிற் பயின்ற இளைஞர் சிலர் பூங்காக்களிலும் களஞ்சியங்களிலும் கைவிடப்பட்டுக் கிடந்த பொறிகளைத் திரட்டிப் பழுதுபார்த்து, 2007இல் நிலவறையொன்றில் நூதனசாலையாகத் திறந்தனர். வருவோர்க்குப் பழைய 15 கோபெக் நாணயங்களே கொடுக்கப்பட்டன. செல்லாக்காசு அங்கே மட்டும் செல்லுபடியாயிற்று. காசுவாயிலை நவீன நாணயத்துக்கு ஏற்ப மாற்றியிருப்பின் வேலை எளிதாகியிருக்கும். ஆனால் பொறிக்கும் அது பிறந்த சமுதாயத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்திருக்கும்.

இவ்வுதாரணம், இயங்கச் செய்தலும் சான்றைப் பேணுதலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதைக் காட்டுகின்றது. எதனை மாற்றுவது, எதனை விட்டுவைப்பது என்பதே தீர்மானிக்கப்பட வேண்டியது. கொள்ளளவி, உருகி, இறப்பர்த் துண்டு என்பன நடத்துநரின் காலத்திலேயே தேயத் தேய மாற்றப்பட்டவை. அவற்றை இன்று மாற்றுவது பொறியின் வாழ்க்கைமுறையைத் தொடர்வதேயாகும். ஓவியம், துளை, தழும்பு, கையெழுத்து, உட்புறத்தில் ஒட்டிய பழுதுக் குறிப்பு என்பன அவ்வாறானவை அல்ல. ஒருமுறை அகன்றால் மீளா.

ஆகவே புனரமைப்பாளர் பொறியிற் கைவைக்குமுன் அதனை ஆவணமாகக் கொண்டு படித்தல் வேண்டும். உள்ளும் புறமும் நிழற்படம் எடுத்தல், வர்ண அடுக்குகளைக் குறித்தல், தொடரிலக்கங்களைப் பதிதல், சில்லுகளின் நிரலைப் படியெடுத்தல் என்பன முதற்பணிகள். கழற்றிய உறுப்புகளை எறியாது பேழையுடனேயே வைத்தலும், புதிதாக இட்டவற்றில் ஆண்டைப் பொறித்தலும் அடுத்தவை. மேலொட்டை மாற்றியே தீரவேண்டுமாயின் பழையதன்மேற் கழற்றத்தக்க வகையில் இடலாம். யாவற்றுக்கும் மேலாக, மாற்றுருவாக்கப் பேழைகளிற் சிலவற்றையேனும் மாற்றுருவாக்கப் பேழைகளாகவே காத்தல் வேண்டும். எல்லாப் பேழைகளும் தொழிற்சாலை வாயிலுக்குத் திரும்பிச் சென்றுவிட்டால், அவ்வாயிலைக் கடந்தபின் நிகழ்ந்த வரலாற்றுக்குச் சான்று எஞ்சாது. கறுப்பு வர்ணத்தின் அடியில் மங்கித் தெரியும் பழைய ஓவியமும் அதன்மேல் இரு தடவை அடைக்கப்பட்ட துளைகளும், ஏட்டில் இடம்பெறாத அந்நடத்துநர் எவ்வாறு பிழைத்தார் என்பதற்கு எஞ்சியுள்ள சாட்சியங்கள். அவற்றைத் தேய்த்தழிப்பதா, படித்தறிவதா என்பது இன்று அப்பேழையின் முன் உப்புத்தாளுடன் நிற்பவரின் பொறுப்பிலேயே உள்ளது.